முட்டியக்காவின் அளவு

என் அண்ணியை ஊரில் எல்லோரும் முட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகக் கேட்பவர்கள், ஏதோ சண்டைக்காரி போல, எதிரே வருகிறவர்களை மாடு மாதிரி முட்டித் தள்ளுவாள் போல என்று நினைத்துக்கொள்வார்கள். சண்டைக்காரி நான்தான். அண்ணி ஒருத்தரைக் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. சட்டைக் கை இறுக்கமாக இருக்கிறது என்று துணியை மேஜையில் விட்டெறிகிறவளைக்கூட, "பிரிச்சுத் தர்றேங்க, நாளைக்கு வாங்க" என்று சிரித்து அனுப்பிவைப்பார். பக்கத்துக் கடையில் உட்கார்ந்துகொண்டு நான் பல்லைக் கடிப்பேன். அவருக்கு அந்தப் பேர் வந்தது முழங்கால் முட்டியால்.

எங்கள் ஊரில் ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு சாலை போகிறது. அந்தச் சாலை பள்ளத்தில் இறங்கத் தொடங்குகிற இடத்தில் எங்கள் இரண்டு கடைகளும் இருக்கின்றன. என்னுடையது ஜெராக்ஸ் கடை, அண்ணியுடையது தையல் கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான், அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். மழை என்று ஒன்று பெய்தால் ஊர்த் தண்ணீர் முழுக்க இந்தப் பள்ளத்தைத் தேடிக்கொண்டு வரும். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, கல்லூரி, பஸ் நிலையம். இந்தப் பக்கம் நாங்கள். சுற்றிக்கொண்டு போக வேறு வழி உண்டு, ஆனால் அந்த வழியில் போனால் பாதி நாள் போய்விடும் என்று ஒவ்வொருவரும் சலித்துக்கொள்வார்கள். பாதி நாளெல்லாம் ஆகாது. நம் ஆட்களுக்கு வண்டியைத் திருப்புவதென்றால் மானமே போய்விடுகிற மாதிரி.

நகராட்சிக்காரர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. தண்ணீரை இறைப்பதற்கு ஒரு மோட்டார் கொண்டுவந்து வைத்தார்கள். அடுத்த மழையில் மோட்டாரே முங்கிப்போனது. அப்புறம் பாலத்துச் சுவரில் கோடு கோடாகப் போட்டு, எத்தனை அடித் தண்ணீர் என்று தெரிகிற மாதிரி எண் எழுதினார்கள். பெயின்ட் காய்வதற்குள் அதன் மேல் எவனோ டியூஷன் போஸ்டர் ஒட்டிவிட்டான். அதைக் கிழிக்கப் போன ஆள் சுவரின் காரையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்தான். ஆக, இந்த ஊருக்கு மிஞ்சிய அளவுகோல் என் அண்ணியின் முட்டி.

அது தொடங்கியது இப்படித்தான். கடை போட்ட முதல் மழைக்காலத்திலேயே தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. தைத்து, தேய்த்து, அடுக்கி வைத்திருந்த பள்ளிச் சீருடைகள் எல்லாம் சாக்கடைத் தண்ணீரில் ஊறிப்போயின. அதற்குப் பிறகு நாலு தூறல் விழுந்தாலே அண்ணிக்கு இருப்புக்கொள்ளாது. மெஷினை நிறுத்திவிட்டு, சுவரோரமாகப் போகிற கைப்பிடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு, சரிவில் இறங்கி, பள்ளம் சமமாகிற இடம் வரைக்கும் போய் நின்று பார்த்துவிட்டு வருவார். அதற்கு மேல் ஒரு எட்டு வைக்க மாட்டார். ஒருநாள் அப்படி நின்றபோது அந்தப் பக்கத்து மேட்டிலிருந்து பஸ் டிரைவர் ஒருவர் தலையை நீட்டி, "எவ்வளவும்மா இருக்கு?" என்று கத்தினார். அண்ணி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக் குனிந்து பார்த்து, "முட்டி!" என்று திருப்பிக் கத்தினார். பஸ் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்து சேர்ந்தது.

அவ்வளவுதான். அடுத்த மழைக்கு ஆட்டோக்காரர்கள் கேட்டார்கள், அதற்கடுத்து பால் வண்டிக்காரர் கேட்டார், பள்ளிக்கூட வேன்காரர் கடைக்கு வந்து போன் நம்பரையே வாங்கிக்கொண்டு போனார். கணுக்கால் என்றால் எல்லோரும் வரலாம். முட்டி என்றால் வேனும் பஸ்ஸும் வரலாம், ஆட்டோ கூடாது. முட்டிக்கு மேல் என்றால் யாரும் வரக்கூடாது. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஊரில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

வேன்காரர் ஒருமுறை கேலியாகக் கேட்டார். "கழுத்துல எந்நேரமும் டேப்பு தொங்குது. அதை வச்சு அளந்து, இத்தனை இஞ்சுன்னு சொன்னா என்னக்கா?"

"இஞ்சு சொன்னா யாருக்குத் தெரியும்? முட்டின்னா எல்லாருக்கும் முட்டி இருக்கு" என்றார் அண்ணி.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நல்ல பதில் என்று நானும்தான் நினைத்தேன்.

இன்னொன்றையும் பட்டென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அண்ணி ஒருநாளும் தன் வாயால் சொன்னதில்லை. அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். சாதாரணப் பயம் இல்லை, குலை நடுங்குகிற பயம். ஊரே இவர் தைரியத்தை மெச்சிக்கொண்டிருக்கும். இவர் அளந்துவிட்டு வந்து ஸ்டூலில் ஏறி, கால் இரண்டையும் மேலே மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊசியில் நூல் கோக்கக் கை வராது. பலகைத் தடுப்புக்கு மேலாக ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டுவார். நானும் ஒன்றும் கேட்காமல் கோத்துக் கொடுப்பேன். போன் மட்டும் விடாமல் அடிக்கும். கையில் எப்போதும் துணி இருக்கும் என்பதால் அதை ஸ்பீக்கரில்தான் போட்டிருப்பார். "முட்டிதாங்க, பாத்து வாங்க" என்று அவர் சொல்கிற குரலில் ஒரு நடுக்கமும் இருக்காது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு வருஷம் வெளியூர்க்காரர் ஒருவர் யாரையும் கேட்காமல் காரை உள்ளே விட்டுவிட்டார். மழை விட்டு வெயிலடித்த பிறகுதான் உள்ளே ஒரு கார் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. அவரை வெளியே தூக்கி வந்து கிடத்தியது எங்கள் கடை வாசலில்தான். நான் உள்ளே ஓடிப்போய் ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டேன். அண்ணி அங்கேயே நின்றார். தைப்பதற்கு வைத்திருந்த புதுத் துணியை எடுத்து வந்து அவர் மேல் போர்த்தினார். அதற்குப் பிறகு யார் போன் பண்ணினாலும் கொட்டுகிற மழையில் இறங்கிப் பார்க்காமல் அவர் பதில் சொன்னதில்லை.

இப்போது என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணி குள்ளம். மெஷினில் உட்கார்ந்தால் மிதியில் கால் எட்டுவதற்கு நாற்காலியின் நுனிக்கு வந்தாக வேண்டும். அண்ணனோ ஒட்டடைக்குச்சி. ஊரில் கொக்கு என்றால் அவன்தான். பெயின்டர் வேலை. அவனைக் கூப்பிட்டால் ஏணி வாடகை மிச்சம் என்று மேஸ்திரி கிண்டலடிப்பார். இடுப்பளவு தண்ணீரில்கூடப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நடந்து வருகிற ஆள். அண்ணி அளந்துவிட்டு வந்து சொல்கிற கதையைக் கேட்டு, "உன் வெள்ளம் எனக்குக் கால் கழுவக்கூடக் காணாது" என்பான். அண்ணியும் சிரித்துவைப்பார். எனக்குத்தான் எரிச்சலாக வரும்.

போன மழைக்காலத்தில் அவர்கள் பெண் கல்லூரிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். ஒரே பெண். கல்லூரிக்குப் போகிற வயதிலும் வீட்டில் பாப்பாதான். முட்டிச் சில்லில் விரிசல் விழுந்துவிட்டது. தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு. முட்டியக்கா பெண்ணுக்கு முட்டியே போச்சா என்று விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் ஒரே நகைச்சுவையைச் சொன்னார்கள், ஒவ்வொருவரும் தானே கண்டுபிடித்த மாதிரி. காலை மடக்கக் கூடாது, ஊன்றக் கூடாது, கட்டு நனையக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவரும் நாளில் அண்ணியும் நானும் போனோம். காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டுமே என்று பள்ளிக்கூட வேன்காரரையே பேசி வைத்திருந்தோம். அண்ணன் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் கடையில் உட்கார்ந்தான். சீருடை கேட்டு யாராவது போன் பண்ணுவார்கள் என்று அண்ணி போனை அவனிடமே விட்டுவிட்டு வந்திருந்தார்.

பாப்பாவை வேனின் பின் சீட்டில் நீளவாக்கில் படுக்கவைத்தோம். அண்ணி கீழே தரையில் உட்கார்ந்து மாவுக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில். பாதி வழி வருவதற்குள் வானம் பொத்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. வேன்காரர் பாலத்துக்கு முன்னாலிருக்கிற பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, போனை எடுத்தார். பழக்கதோஷம். அக்காவையே பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அக்கா நம்பருக்குப் போன் அடிக்கிறார். "பாத்துட்டு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். திரும்பப் போன் வந்தது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"முட்டிதானாம். போயிடலாம்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பின்னால் அண்ணியும் மூச்சை விட்டதைப் பார்த்தேன். அவருடைய வார்த்தைதானே அது. அவரும் நம்பிவிட்டார்.

வேன் சரிவில் இறங்கியது. பாலத்துக்கு அடியில் விளக்கு எரியவில்லை. முன் கண்ணாடியில் வைப்பர் ஆடுகிற ஆட்டத்தில் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. சக்கரம் தண்ணீரைத் தொட்ட சத்தம் கேட்டதும் அண்ணி திடீரென்று தலையைத் தூக்கினார்.

"போன்ல யாருங்க பேசினது?"

"உங்க வீட்டுக்காரர்தான்க்கா. உள்ள இறங்கிப் பாத்துட்டு வந்துதான் சொன்னாரு."

அண்ணி முன்னால் எக்கினார். "வண்டிய நிறுத்துங்க."

"என்னக்கா?"

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல! அது அவர் முட்டி!"

"முட்டியில என்னக்கா உங்க முட்டி, அவர் முட்டி..."

"அவர் பேன்ட்டு நான்தான் தைக்கிறேன்! அவர் முட்டி எனக்குப் பாதித் தொடை!"

வேன்காரருக்கு அது மண்டையில் ஏறுவதற்கு ஒரு நொடி பிடித்தது. எனக்கும்தான். ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்பதை வைத்தே பிழைக்கிற தையல்காரி, அவரைச் சுற்றி ஒரு ஊர், இத்தனை மழையில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. அதற்குள் வேன் பள்ளத்துக்குள்ளேயே போய்விட்டிருந்தது. வேன்காரர் பிரேக்கை மிதித்தார். பின்னாலேயே ஒரு கார் ஒட்டிக்கொண்டு வந்து ஹாரன் அடித்தது. வேன்காரர் ரிவர்ஸ் போடப் பார்த்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிட்டது. சாவியைத் திருகினார், திருகினார், ஒரு முனகல்கூட வரவில்லை. ஹாரன் அடித்த கார்க்காரன் எங்கள் நிலைமையைப் பார்த்ததும் பின்னாலேயே நகர்ந்து, திரும்பி, போயே போய்விட்டான். நல்லா இருக்கட்டும்.

முதலில் என் செருப்பு மிதந்தது. கதவின் அடி இடுக்கிலிருந்து தண்ணீர் சத்தமே போடாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் கால் இரண்டையும் சீட்டின் மேல் தூக்கிக்கொண்டேன். அண்ணி எழுந்து நின்று, குனிந்து, மாவுக்கட்டுக் காலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். பாப்பா உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த வெளியூர்க்காரர் ஞாபகம் வந்துவிட்டது. இங்கேதான், இதே இடத்தில்தான். நாங்கள் மூன்று பேரும் எப்படியாவது ஜன்னல் வழியாக வெளியே போய்விடுவோம், அவளை எப்படித் தூக்குவது என்று யோசிக்கும்போதே எனக்குப் பற்கள் கிட்டித்துக்கொண்டன. கத்த வேண்டும் என்று நினைக்கிறேன், வாய் திறக்கவில்லை. வாழ்நாள் முழுக்க வாயால் பிழைத்தவள் நான்.

வேன்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். அது எப்படியோ வேலை செய்தது. எதிர்ப்பக்கத்து வெளிச்சத்தில் ஒரு நெட்டை உருவம் தெரிந்தது. அண்ணன். கையை ஆட்டினான். அப்புறம் கைப்பிடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக எங்களை நோக்கி இறங்கி வரத் தொடங்கினான்.

"அப்பா வர்றார் பாப்பா" என்றேன். அதைச் சொன்னதும்தான் எனக்கு அழுகை வந்தது.

அப்போது என் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் கவிழ்ந்து மிதந்து போனது. நான் அதைக் குப்பை என்றுதான் நினைத்தேன். அண்ணி அதைப் பார்த்துவிட்டுக் கத்திய கத்தலை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

தண்ணீர் ஏறினால் எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள், அண்ணி நின்று அளக்கிற இடத்தைத் தாண்டி இருக்கிற சுவரோரத்துச் சாக்கடை மூடியைக் கம்பி போட்டுத் தூக்கிவிடுவார்கள், தண்ணீர் சீக்கிரம் வடியட்டும் என்று. ஆள் விழுந்துவிடக் கூடாதே என்று அந்தக் குழிக்கு மேல் இந்த நீல ஸ்டூலைக் கல்லைக் கட்டி நிறுத்திவைப்பார்கள். அது அளக்கப் போகிற அண்ணிக்குத் தெரியும், கடையில் இருக்கிற எனக்குத் தெரியும். மழை நாளில் எங்கேயாவது வேலையில் இருந்துவிட்டு, வந்தாலும் நடு ரோட்டிலேயே நடந்து வருகிற அண்ணனுக்குத் தெரியாது.

"சுவர விட்டு வாங்க! நடுவுல வாங்க! மூடி திறந்திருக்கு!"

பாலத்துக்கு அடியில் மழைச் சத்தமும் ஹாரன் சத்தமும் மோதி எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. ஏதோ கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக வந்தான். "ஹாரனை விடுங்க!" என்று அண்ணி ஒரு கையை நீட்டி வேன்காரரின் தோளில் அடித்தார். அவர் கையை எடுத்தார். அந்த நேரத்தில் அண்ணன் ஒரு அடி எடுத்து வைத்தான், அங்கே ஆளைக் காணோம்.

இத்தனை பெரிய மனுஷன், தூரத்திலிருந்து பார்த்தால் முதலில் தெரிகிற தலை அது. தண்ணீருக்கு மேல் ஒன்றுமே இல்லை. குழாயில் ஒரு கை மட்டும் தெரிந்தது. பாப்பா படுத்திருந்ததால் அவளுக்கு வெளியே தெரியவில்லை, "என்னம்மா? அப்பா எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை விட்டால் எங்கள் வீட்டில் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கை விடவில்லை. இன்னொரு கை வந்து குழாயைப் பிடித்தது. அப்புறம் தலை வந்தது, வாயிலிருந்து தண்ணீரைத் துப்பிக்கொண்டு.

அவன் அளந்துவிட்டுப் போன பிறகும் தண்ணீர் ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, வேனுக்கு வந்து சேர்ந்தபோது அவனுக்கே இடுப்பில் இருந்தது. ஒரு காலில் பேன்ட் கிழிந்து முழங்காலிலிருந்து இரத்தம் வழிந்தது. வேன்காரர் பின் கதவைத் திறந்தார். தண்ணீர் மொத்தமாக உள்ளே பாய்ந்தது. அண்ணன் பாப்பாவைத் தன் மார்புக்கு மேல் தூக்கிக்கொண்டான். நான் வேன்காரரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். அண்ணி இறங்கியதும் தண்ணீர் அவர் நெஞ்சுக்கு வந்தது. முட்டிக்கு மேல் ஒரு விரல்கூட இறங்கியறியாத மனுஷி. மாவுக்கட்டுக் காலின் பாதத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணன் பக்கத்திலேயே நடந்தார்.

"நடுவுலயே வாங்க. நடுவுலயே வாங்க" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அம்மா, வலிக்குது. காலை நசுக்குற" என்றாள் பாப்பா.

"பயப்படாதடி."

"நான் பயப்படல. நீதான் நசுக்குற."

கடைக்குள் கொண்டுவந்து வெட்டு மேஜையில் படுக்கவைத்த பிறகும் அண்ணி அந்தப் பாதத்தை விடவில்லை. நான்தான் விரல் விரலாகப் பிரித்துவிட்டேன். குதிகால் பக்கம் கட்டு கொஞ்சம் ஊறியிருந்தது. அடுத்த நாள் சுற்று வழியாகப் போய் மாற்றிக் கட்டினோம். மற்றபடி பாப்பாவுக்கு ஒன்றுமில்லை. இப்போது நடக்கிறாள், படிக்கட்டைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்கிறாள்.

அன்றைக்கு நான் அண்ணனைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். "ஒரு வார்த்தை யோசிச்சு சொல்ல மாட்டியா? கொன்னிருப்பியே எங்கள!" என்றேன். அவன் ஈரத் துணியோடு அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "எவ்வளவு இருக்குன்னு கேட்டார். முட்டி வரைக்கும் இருந்துச்சு. முட்டின்னு சொன்னேன்" என்றான். அதில் பொய் ஒன்றுமில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அண்ணி அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் இருந்த காயத்தைத் துடைத்துத் துணி கட்டினார். முடிச்சுப் போட அவருக்குக் கை வரவில்லை. அவனுடைய கையும் அதே மாதிரிதான் இருந்தது. கடைசியில் நான்தான் கட்டிவிட்டேன்.

விஷயம் ஊருக்குள் பரவியதும் எல்லோருக்கும் ஒரே தமாஷ். போன் எடுத்ததுமே, "அக்கா முட்டியா, கொக்கு முட்டியா?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு அதே வாயால், "இன்னிக்கு எவ்வளவுக்கா?" என்றும் கேட்பார்கள். அண்ணி சிரித்துக்கொண்டே, "நான் இப்பெல்லாம் பாக்கறதில்லீங்க" என்பார். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ஆட்டோக்காரர் கடைக்கே வந்து, இத்தனை வருஷப் பழக்கம், இப்படிக் கைவிட்டால் எப்படி என்று குறைப்பட்டுக்கொண்டார். நான் எழுந்து போய் அவருக்கு நன்றாகக் கொடுத்தேன். வேன்காரர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் இப்போது வெயில் காலத்திலும் சுற்று வழியில்தான் போகிறார்.

போன வாரம் மறுபடி கொட்டியது. மதியம் இருட்டிக்கொண்டு வந்து, எதிர்க்கடைப் பெயர்ப்பலகைகூடத் தெரியாத மழை. அண்ணன் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் வெளிச்சுவர் அடித்துக்கொண்டிருந்தான். மழையில் அந்த வேலை நடக்காது, கிளம்பித்தான் வந்தாக வேண்டும். அண்ணி வாசலில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் சரிவில் வேகமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு காலைக் கீழே வைத்தார், எடுத்துக்கொண்டார். மறுபடி வைத்தார், எடுத்துக்கொண்டார். உள்ளே மேஜையில் போன் அடித்தது. ஓடி வந்து எடுத்தார். அண்ணன்தான். அவன் மொபெட் சத்தம் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"பாலத்துக்கு இந்தப் பக்கம் மேட்டுல நிக்கிறேன். எவ்வளவு இருக்கு?"

நான் எழுந்து பார்த்தேன். அண்ணி போனை மேஜையில் வைத்துவிட்டு, மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெரியலைங்க. நான் இறங்கல."

"ஏன், மழை இன்னும் விடலையா?"

"அது இல்லைங்க." போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "எனக்குப் பயமா இருக்கு. எனக்கு எப்பவுமே பயம்தான். நீங்க இறங்காதீங்க."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. அண்ணன் கேலி பண்ணப்போகிறான், பண்ணட்டும், இன்றைக்கு வீட்டுக்கு வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று நான் தயாராக நின்றேன். போனில் மழைச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மொபெட் அணைந்தது.

"எனக்கும்தான்" என்றான் அண்ணன். "நான் இங்க வந்து ரொம்ப நேரம் ஆச்சு. இறங்க முடியல. அதான் உனக்குப் போன் பண்ணேன்."

அண்ணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சுத்தி வர்றேன்" என்றான். "நேரமாகும். நீயும் பாப்பாவும் சாப்பிட்டுடுங்க."